நிறுத்தி வைத்த சாறு

எங்கள் வீட்டில் ‘தண்ணி’ என்ற சொல்லுக்குச் சாவுக்கணக்கு மட்டும்தான் உண்டு. பெரிய மாமா தண்ணியில் போனார். எதிர்வீட்டு அண்ணனின் லாரி வேலை தண்ணியால் போனது. அதை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதே தப்பு என்பது போல வளர்ந்தோம்.

அதனால்தான், பிரான்சில் கொன்யாக் நகருக்கு வெளியே ஒரு சிறிய திராட்சைப் பண்ணையில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என்னிடம் குவளையை நீட்டியபோது எனக்கு முதலில் வந்தது கூச்சம். என்னோடு படித்த தோழியின் உறவினர் அவர். அக்டோபர் மாதம், அறுவடை முடியும் நேரம். குவளையில் இருந்தது ‘பினோ தே ஷாராந்த்’. சாப்பாட்டுக்கு முன் குளிரவைத்துக் குடிப்பது. பாதியாக அறுத்த மெலன் பழத்தின் குழியில் ஊற்றியும் சாப்பிடுகிறார்கள்.

பினோவை ஒயின் என்று சொல்ல முடியாது. ஒயின் ஆவதற்கு முன்பே தடுத்து நிறுத்தப்பட்ட சாறு அது. திராட்சையைப் பிழிந்ததும் சாறு புளிக்கத் துடிக்கும். சர்க்கரையை ஈஸ்ட் தின்னத் தொடங்குவதற்குள், அதே பண்ணையில் இரண்டு முறை காய்ச்சி, குறைந்தது ஓர் ஆண்டு ஓக் பீப்பாயில் கிடந்த கொன்யாக்கை அதில் ஊற்றிவிடுகிறார்கள். மூன்று பங்கு சாற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு. ஊற்றும் கொன்யாக் 60 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. கலவை 17 விழுக்காடு அளவுக்கு ஏறியதும் ஈஸ்டால் வேலை செய்ய முடியாது. பழத்தின் இனிப்பு அப்படியே தங்கிவிடும். பிறகு காத்திருப்பு. வெள்ளைப் பினோவுக்கு 18 மாதம், அதில் 12 மாதமாவது ஓக் பீப்பாயில். ‘பழையது’ என்று சீட்டில் போட ஏழு ஆண்டு வேண்டும்.

1589இல் யாரோ ஒருவர், காலி என்று நினைத்துக் கொன்யாக் கிடந்த பீப்பாயில் புதுச்சாற்றை ஊற்றியதால் பிறந்தது இது என்று ஊரில் ஒரு கதை உண்டு. பெரியவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் 1945 முதல் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. கிடங்கின் சுவரெல்லாம் கரிபூசியதுபோல் கறுத்திருந்தது. பீப்பாயிலிருந்து ஆவியாகும் மதுவை உண்டு வளரும் பூஞ்சையாம். ஒரு பீப்பாயைத் தட்டி, “இது என் அப்பா நிரப்பியது” என்றார்.

அன்றிரவு அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“இது பதநீர் கதையாட்டம்ல இருக்கு,” என்றார். “பானைக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டுனா புளிக்காது. ஒங்க தாத்தா எங்களுக்கு அப்படித்தான் தனியா கொண்டாருவாரு.”

“தாத்தா மரம் ஏறுனாரா?”

“ஏறாம? பாகான் டத்தோவுல இருந்தப்ப கள்ளு எறக்குனவருதான. இத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத.”

இருபத்தெட்டு வயதில்தான் எனக்கு இது தெரிகிறது. தாத்தா ‘தோட்டத்துல வேலை செஞ்சாரு’ என்பதோடு எங்கள் வீட்டில் கதை முடிந்துவிடும். தென்னம்பாளையைக் கயிற்றால் கட்டி, பதமாகத் தட்டி, நுனியை மெல்லியதாகச் சீவி, காலையும் மாலையும் ஏறி இறங்கிய மனிதர் அவர். சொட்டும்போதே புளிக்கத் தொடங்கும் ஒன்றை எப்போது நிறுத்துவது, எப்போது விடுவது என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. ஷாராந்த்தில் கொன்யாக் செய்வதைத் தாத்தாவின் பானையில் சுண்ணாம்பு செய்திருக்கிறது.

இரண்டும் ஒன்று என்று சொல்லவரவில்லை. அந்தப் பெரியவருக்குக் கொடியும் நிலமும் பீப்பாயும் சொந்தம். தாத்தாவுக்கு மரமும் சொந்தமில்லை, கடையும் சொந்தமில்லை. அவர் இறக்கிய கள், தோட்டத்துக் கடையில் சக தொழிலாளியின் கூலியை வாங்கிக்கொண்டது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அவர்கள் கேட்டது நியாயம். மாமாவைத் தூக்கிக்கொண்டு போன வீட்டில் இருந்துகொண்டு வேறு மாதிரி என்னால் பேசமுடியாது. பினோவும் மதுதான், அளவு மீறினால் அந்த ஊரிலும் ஈரல் கெடும்.

ஆனால் கடையின் மேல் இருந்த கோபத்தில், கையின் வித்தையையும் சேர்த்துப் புதைத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. அங்கே ஒரு மகன் தன் அப்பாவின் பீப்பாயைத் தட்டிக்காட்டுகிறார். இங்கே ஒரு மகள் தன் அப்பாவின் தொழிலைப் போனில்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்.

“தாத்தாவோட பாளைக் கத்தி எங்கம்மா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “தோட்டத்த விட்டு வந்தப்பவே ஒங்க பாட்டி ஆத்துல போட்டுட்டாங்க,” என்றார். பிறகு, நான் கேட்காமலே, “நல்ல கத்தி. தெனமும் தீட்டுவாரு” என்றார்.