மலைக்கடையில் சாமைச் சோறு

போளூரிலிருந்து புறப்படும் பேருந்து வளைவுகள் பல ஏறி, ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரை அடைகிறது. பீமன் நீர்வீழ்ச்சியையும், 1986-இல் வைணு பாப்பு தொலைநோக்கி திறந்து வைக்கப்பெற்ற காவலூர் வானாய்வகத்தையும் கண்டு திரும்புவோர், அவ்வூர்ச் சிறு உணவுக் கடைகளைப் பற்றிப் பேசுவது அரிது.

அத்தகைய கடையொன்றில் நாம் ஒரு நண்பகல் அமர்ந்தோம். இட்டலி, பரோட்டா, வெள்ளைச் சோறு என யாவும் சமவெளியின் உணவுகளே. “சாமைச் சோறு இல்லையா, அம்மா?” என வினவினோம்.

“அது எங்க வீட்டுச் சாப்பாடு, சாமி. கீழேயிருந்து வர்றவங்க கேக்கறதில்லையே” என்றார் கடைக்கார அம்மையார்.

மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடியினரின் தொன்மையான உணவு சாமை. வானம் பார்த்த சரிவு நிலத்திலும் அது விளையும். ஆயினும் அதன் உமி கடினமானது. உரலிலிட்டுக் குத்திப் புடைப்பது பெண்களுக்குப் பெரும்பாடு. 2011 முதல் நியாய விலைக் கடை அரிசி இலவசமாகக் கிடைக்கும்போது, அக்கைகள் ஓய்வை நாடினால் குறைகூற நாம் யார்?

சற்றுநேரம் காத்திருந்தோம். வீட்டிலிருந்து அரிசி கொணர்ந்து, சாமைச் சோறு ஆக்கிப் புளிக்குழம்புடன் இலையில் பரிமாறினார். வெள்ளைச் சோற்றின் விலையே போதுமென்றார். உலக்கையை நினைந்து கூடுதலாகவே கொடுத்தோம்.

ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அறிவிப்பைவிட, உண்போரின் கேள்வியே உழுவோர்க்கு ஊக்கம். அன்பர்களே, ஜமுனாமரத்தூர் சென்றால், காலையிலேயே சொல்லிவைத்துச் சாமைச் சோறு கேளுங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.