ஒரு வருஷம் லீவு, மாமா!

ஒரு வருஷம் என்றால் எவ்வளவு நீளம் என்று திருத்தணிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மலைக்கு 365 படி. நாளுக்கு ஒன்று என்று கணக்கு. டிசம்பர் 31 ராத்திரி படிக்குப் படி பூஜை செய்து, பாடிக்கொண்டே ஏறுகிறவர்களைக் கேளுங்கள். முழங்காலைத் தடவிக்கொண்டே விளக்குவார்கள்.

அதனால்தான் என் அக்கா பையன், "மாமா, காலேஜை ஒரு வருஷம் நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்" என்று ஏதோ அரை நாள் லீவு கேட்பது போலச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது.

பையன் பி.காம். இரண்டாம் வருஷம். அத்தான் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர். தோள்பட்டையில் வலி வந்து, 'ஆறு மாசம் தறிப் பக்கமே போகாதீங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறி ஓடினால்தான் கூலி. தோள் வலிக்கிறது என்று சொன்னால் லோன் தவணை காத்திருக்குமா?

விஷயம் வெளியே கசிந்ததும் ஆலோசனைகள் குவிந்தன. எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆகவே இங்கே இலவச அறிவுரை தமிழ், தெலுங்கு இரண்டிலும் கிடைக்கும்!

பக்கத்துத் தெருப் பெரியவர், "ராதாகிருஷ்ணன் யாரு? நம்ம ஊரு. சொந்தக்கார அண்ணன் படிச்சு முடிச்ச பழைய புஸ்தகத்தைக் கொடுத்தார்னு தத்துவம் எடுத்துப் படிச்சவர். கஷ்டம்னு நிறுத்தினாரா?" என்றார். வாஸ்தவம்தான். ஆனால் பையனுக்குப் பற்றாக்குறை புத்தகத்தில் இல்லையே, தவணையில் அல்லவா இருக்கிறது!

சென்னைக்குப் போகிற காலை மின்சார ரயிலில், அரக்கோணம் வருவதற்குள் ஆறு பேர் தீர்ப்பு சொன்னார்கள். ஒருவர் வழக்கம்போல, "பில் கேட்ஸ் காலேஜை முடிச்சாரா சார்?" என்றார். இந்த உதாரணத்தைச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பில் கேட்ஸ் 1975-ல் ஹார்வர்டை விட்டது முறைப்படி லீவு வாங்கிக்கொண்டுதான். கம்பெனி படுத்திருந்தால் திரும்பிப் போய் உட்கார பெஞ்சு இருந்தது. அப்பா வக்கீல் வேறு.

நமக்கு அண்ணாதுரைதான் கிட்டத்து உதாரணம். வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்திவிட்டு, காஞ்சிபுரம் நகராட்சியில் குமாஸ்தா வேலை பார்த்தவர். (நம்ம ஜாதி சார், ஃபைல் கட்டு!) பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1934-ல் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தார். நின்றார், திரும்பினார். அந்த இரண்டாவது வார்த்தைதான் முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை பையனை உட்கார வைத்து ஒரு பேப்பர் எடுத்தேன். "எவ்வளவு துண்டு விழுது?" வீட்டுச் செலவு, தவணை, மருந்து எல்லாம் கூட்டி, அக்காவின் வருமானத்தைக் கழித்தோம். மாசம் ஆறாயிரம் குறைந்தது. சாயங்காலம் மட்டும் தறி ஓட்டினால் பாதிதான் தேறும். மீதியை நான் ஓரிரண்டு மாசம் தாங்கலாம், ஆறு மாசம் முடியாது. என் சம்பள லட்சணம் எனக்குத்தானே தெரியும்.

ஆக, நிறுத்தத்தான் வேண்டும். எப்போது, எப்படி என்பதுதான் கேள்வி.

பையன் "நாளையிலேர்ந்தே" என்றான். அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். நாலாவது செமஸ்டர் பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது. நடுவில் நின்றால் 75 சதவீத வருகைப் பதிவு போச்சு, பரீட்சை போச்சு, அந்த செமஸ்டரை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். எழுதிவிட்டு நின்றால், அடுத்த வருஷம் ஜூனியர்களோடு நேராக ஐந்தாவது செமஸ்டரில் உட்காரலாம்.

"அதுக்கு அப்புறம் போகாம இருந்துட்டா போதுமா மாமா?"

போதாது. சொல்லாமல் நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள். டி.சி. வாங்கிவிட்டால் இடமும் போயிற்று. முதல்வருக்கு ஒரு விண்ணப்பம், காரணத்துக்கு டாக்டர் சர்டிபிகேட், எந்த மாசம் திரும்பச் சேருவேன் என்று ஒரு வரி, கையெழுத்தோடு ஒரு நகல் நம் கையில். அவர்கள் பாஷையில் இதற்கு 'பிரேக் ஆஃப் ஸ்டடி'. போகிற வருஷத்தில் ஸ்காலர்ஷிப் வராது, பஸ் பாஸ் கிடையாது, பாடத்திட்டம் மாறினால் கூடுதலாக ஒரு பேப்பர் எழுத நேரலாம். எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். தெரிந்துகொண்டு போவது நல்லதில்லையா?

அக்காதான் ரொம்ப பயந்தாள். "கையில காசு பார்த்தா திரும்பிப் போவானாடா?" நியாயமான பயம். எத்தனையோ பேர் 'ஒரு வருஷம்' என்று போனவர்கள்தான். அதனால் அந்த நகலை அக்காவிடமே கொடுத்தேன். பீரோவில், நகை அடமான ரசீதுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மீட்க வேண்டும் என்று அர்த்தம்!

பையன் பரீட்சை எழுதினான், தறி ஓட்டினான். ஏழாவது மாசம் அத்தான் மெதுவாக வேலைக்குத் திரும்பினார். "பாவு இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டட்டுமே" என்று அவரே ஒருநாள் இழுத்தபோது, அக்கா பீரோவைத் திறந்தாளாம். பேச்சு அதோடு நின்றது.

ஜூனில் சேர்ந்துவிட்டான். "எப்படிடா இருக்கு?" என்றேன்.

"பாடமெல்லாம் பரவாயில்லை மாமா. ஜூனியர் பசங்க எல்லாரும் 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்பிடறாங்க."

"மரியாதைதானேடா, நல்லதுதானே?"

"கேன்டீன்ல டீ காசு முழுக்க அண்ணன்தான் கொடுக்கணுமாம்!"