நாடா சொல்லும் நலம்



நான்காம் ஆண்டு முதல் மேல் வகுப்புகளில் பயிலும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை ‘செகாக்’ என்னும் உடல்திறன் சோதனை நடைபெறுவதைத் தாங்கள் அறிவீர்கள். பலகைமீது ஏறி இறங்குதல், தண்டால் எடுத்தல் முதலியவற்றோடு உயரமும் எடையும் அளந்து உடல் நிறைக் குறியீட்டையும் கணித்தெழுதுகிறோம். உடற்கல்வி போதிக்கும் ஆசிரியன் என்ற முறையில் அந்த அளவெடுப்பு என் பொறுப்பு. நிறுவையை நூலக அலமாரிக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொருவராக அழைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் குறித்துக்கொள்வது என் வழக்கம். ‘பூசணிக்காய்’, ‘குச்சி’ போன்ற பட்டப்பெயர்கள் பிறக்கும் இடம் நிறுவை மேடைதான். ஒருமுறை ஒட்டிக்கொண்ட பெயர் ஆறாம் ஆண்டு முடியும்வரை பிள்ளையை விட்டு நீங்குவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு தாயார் பள்ளிக்கு வந்தார். “பையன் ஒரே வருசத்துல மூணு கிலோ ஏறிட்டான் சார். ராத்திரிச் சோத்த நிறுத்திட்டேன்” என்றார். நான் ஏட்டைப் புரட்டினேன். முந்திய ஆண்டில் பையனின் உயரம் 140 சென்டிமீட்டர், எடை 40 கிலோ. இப்போது 146 சென்டிமீட்டர், 43 கிலோ. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முன்னது 20.4, பின்னது 20.2. பையன் பருக்கவில்லை, வளர்ந்திருக்கிறான். வளரும் பிள்ளைக்குச் சோற்றை மறுத்தல் பெருந்தீங்கு என்று எடுத்துரைத்தேன். அன்றிரவே அவனுக்குச் சோறு கிடைத்ததாக மறுநாள் அவனே வந்து சொன்னான்.

இக்கணக்கை 1830களில் வகுத்தவர் பெல்ஜிய நாட்டு அறிஞர் கெத்தலே. அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் கற்றவர். மக்கள் கூட்டத்தின் பொதுத் தன்மையை ஆராயவே அதனைக் கண்டார். ஆகவே தனியொருவரின் உடலைப் பற்றி அவ்வெண் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று எதிர்பார்த்தல் தகாது. அதிலும் சிறுவர்க்கு வயதும் பாலும் சேர்த்துப் பார்த்தே முடிவு கூறவேண்டும். பெரியவர்களுக்குரிய அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு பிள்ளைகளை அதட்டுவதில் பயனில்லை.

பெரியவர்களுக்கு நிறுவையைவிட அளவு நாடாவே உற்ற துணை என்பது என் சொந்த அனுபவம். ஈராண்டுகளுக்கு முன் என் எடை 76 கிலோ, இடுப்பளவு 95 சென்டிமீட்டர். மாலையில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் முக்கால் மணி நேரம் நடக்கலானேன்; வீட்டில் தண்டாலும் எடுத்தேன்; தேநீரில் சீனியை விட்டேன். (சீனியை விட்டதே எல்லாவற்றினும் கடினமாக இருந்தது.) மூன்று மாதம் சென்றபின் நிறுவை 75 என்றது. அவ்வளவுதானா என்று உள்ளம் சோர்ந்தது. நாடாவோ 91 என்றது! கொழுப்பு கரைந்து தசை கூடும்போது எடை அசையாது நிற்பதுண்டு. நிறுவை மட்டும் இருந்திருந்தால் நடையை அன்றே நிறுத்தியிருப்பேன்.

நாடாவை நான் கையில் எடுத்ததற்குக் காரணம் என் தந்தையார். அவர் பால்மரம் வெட்டியவர். நாள்தோறும் பாலை நிறுத்தார்கள். மெட்ரோலாக் கருவியை அமிழ்த்தி அதிலுள்ள ரப்பரின் அளவையும் கண்டு ஏட்டில் பதிந்தார்கள். வாளி சுமந்த மனிதரை ஒருநாளும் எவரும் நிறுத்ததில்லை. கை கால்கள் மெலிந்தே இருந்தன. வயிறு மட்டும் முன்தள்ளியது. வசதி வந்துவிட்டது என்று லயத்தில் வேடிக்கை பேசினார்கள். 58ஆம் வயதில் காலில் பட்ட முள்காயம் ஆறாதபோதுதான் நீரிழிவு என்று தெரிந்தது. ஒரு விரலை எடுக்க நேர்ந்தது.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையேதான் மிகுதி. ஆசிய ஆடவர்க்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருத்தல் நலம் என்பர் மருத்துவர். மெலிந்தவர்போல் தோன்றுவோரும் இதனை அளந்து பார்த்தல் வேண்டும்.

அளக்கும் முறை எளிது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றுக. இயல்பாக மூச்சை வெளிவிட்டபின் எண்ணைப் பார்க்க. வயிற்றை எக்குதல் கூடாது. நெடுநாள் பழகிய துணி நாடா நீண்டுவிடும். தையற்கடையில் இரவல் வாங்காதீர்கள். எடையை ஒரே நேரத்தில், காலையில் உண்ணுமுன் பார்ப்பது நல்லது. நாளுக்கு நாள் எடை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் தண்ணீரால். ஆதலால் நாள்தோறும் நிறுவையேறி நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை போதும்.

எங்கள் வீட்டில் மாதத்தின் முதற் சனிக்கிழமை அளவு நாள். நாடா அடுக்களை ஆணியில் தொங்குகிறது, பக்கத்திலேயே ஏடு. என் பெயருக்கு நேரே கடைசியாக எழுதியிருப்பது 89. தந்தையார் தாமே வந்து கைகளைத் தூக்கி நிற்பார். அம்மாதான் நிறுவையில் ஏற இன்னும் இசையவில்லை. நாடாவுக்கு மட்டும் மறுப்பில்லை, “ரவிக்கை தைக்கத்தானே?” என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார்.