கடைமடைப் பயணியின் பை

விமானத்தில் இருக்கைக்கு எண் உண்டு. கைப்பைக்கு எடையும் அளவும் உண்டு. அந்தப் பை போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு மட்டும் எண் கிடையாது. தலைக்கு மேல் நீளும் பெட்டகத்தில் யாருக்கு எவ்வளவு என்று எந்த டிக்கெட்டிலும் எழுதியிருப்பதில்லை. எழுதாமல் விட்டதைப் பழக்கம் நிரப்பிக்கொள்கிறது. நம் உள்நாட்டு விமானங்களில் இன்று நிலவும் பழக்கம், முதலில் ஏறியவர் முடிந்தமட்டும் இடம் பிடித்துக்கொள்வது. இது சரியில்லை என்பது என் கட்சி. முதலில் ஏறியவருக்குக் கூடுதல் உரிமை எதுவும் வந்துவிடுவதில்லை, பொறுப்புதான் கூடுகிறது. காலியான பெட்டகத்தின் முன் நிற்பவரால்தான் எதை மேலே வைப்பது, எப்படித் திருப்பி வைப்பது, எதைக் காலடியில் தள்ளுவது என்று முடிவெடுக்க முடியும். கடைசியில் மூச்சிரைக்க ஏறுபவர் எவ்வளவு பண்பானவராக இருந்தாலும் அந்தப் பண்பைக் காட்ட அவருக்கு இடம் மிச்சமிருக்காது. காவிரிப் பாசனத்தில் கடைமடை வயல் நனைவது தலைமடைக்காரர் தன் மடையை எப்போது அடைக்கிறார் என்பதைப் பொறுத்தது. விமானப் பெட்டகத்தின் நிலையும் அதுவே.

இதை வெறும் நல்லெண்ணப் பேச்சாக விட்டுவிட வேண்டாம், கணக்குப் போட்டே பார்க்கலாம். சென்னையிலிருந்து தில்லிக்கோ மும்பைக்கோ பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தில் 180 இருக்கைகள் போட்டிருந்தால், அவை பக்கத்துக்கு மூன்றாக 30 வரிசைகள். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடைவெளி சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம், அதாவது 71 முதல் 76 சென்டிமீட்டர். ஒரு பக்கத்து மூவருக்கும் சேர்த்து மேலே கிடைக்கும் பெட்டக நீளமும் அவ்வளவுதான். இந்திய நிறுவனங்கள் கைப்பைக்கு வழக்கமாக அனுமதிக்கும் அளவு 55 x 35 x 25 சென்டிமீட்டர், எடை 7 கிலோ. இந்தப் பையை ஒருவர் சன்னலுக்கு இணையாக நீட்டிக் கிடத்தினால் 55 சென்டிமீட்டர் போயிற்று. மூவருக்கான இடம் ஒருவரோடு முடிந்தது. சக்கரப் பக்கத்தை உள்ளே தள்ளிக் குறுக்குவாட்டில் படுக்க வைத்தால் பைக்கு 35 சென்டிமீட்டர், ஆக இரண்டு பைகள் அடங்கும். உயரம் உள்ள புதிய பெட்டகமாக இருந்து, பையை விளிம்பின் மேல் நிறுத்தி வைத்தால் 25 சென்டிமீட்டர் வீதம் மூன்று பைகளை நெருக்கிவிடலாம். பை அதேதான், விமானமும் அதேதான். ஒருவர் கையைத் திருப்பும் விதத்தில் ஒன்று மூன்றாகிறது. போயிங் நிறுவனம் 2015-ல் தன் 737 விமானங்களுக்குக் கொண்டுவந்த புதிய பெட்டகத்தில் நான்குக்குப் பதில் ஆறு பைகள் அடங்கியதற்கும் பைகளை நிறுத்தி வைக்க முடிந்ததே காரணம். ஆனால் அவ்வளவு பெரிய பெட்டகத்திலும் முதல் ஆள் பையை நீட்டிக் கிடத்திவிட்டால் பொறியாளர்களின் உழைப்பு வீண்தான்.

பழைய பெட்டகம் என்றால் மூவரில் இருவர் பைக்குத்தான் இடம் என்று இந்தக் கணக்கே சொல்கிறது. அப்படியிருக்க அங்கே லேப்டாப் பையும், மடித்த கோட்டும், இனிப்புப் பெட்டியும், விமான நிலையக் கடையில் வாங்கிய காகிதப் பையும் பரந்து கிடப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. முன் இருக்கையின் அடியில் இருக்கும் இடம் உங்களுடையது. அதில் யாரும் பங்கு கேட்கப்போவதில்லை. உங்கள் இருக்கையின் அடிப்பகுதி பின்னால் இருப்பவருடையது. அங்கே உங்கள் பையைத் திணிப்பது அவர் காலடியை அபகரிப்பதாகும். மேலே உள்ளது பொது, கீழே உள்ளது தனி. சிறியதைத் தனி இடத்திலும், வேறெங்கும் அடங்காத பெரியதைப் பொது இடத்திலும் வைப்பதே முறை. நடு இருக்கை காலியாக இருந்தால் அதன் முன்னுள்ள அடிப்பகுதி யாருக்கு என்ற கேள்வி எழும். சன்னலோரம் இருப்பவரும் நடைபாதை ஓரம் இருப்பவரும் ஒரு வார்த்தை பேசிப் பாதியாக்கிக்கொள்ள வேண்டியதுதான். பேசாமல் கால் நீட்டி ஆக்கிரமிப்பதுதான் மனக்கசப்பைக் கிளப்புகிறது.

இந்த முறைக்கு ஒரு விலக்கு உண்டு. அது பலருக்கும் தெரிவதில்லை. முன்னே தடுப்புச் சுவர் உள்ள முதல் வரிசையிலும், அவசர வழி வரிசையிலும் இருப்பவர்கள் விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் தரையில் எதையும் வைத்திருக்கக் கூடாது. அவர்களுக்குக் கீழிடமே இல்லை, இருப்பதெல்லாம் மேலிடம்தான். 24-ஆம் வரிசைக்குப் போகிறவர், போகிற போக்கில் தன் பெட்டியை முதல் வரிசைக்கு மேல் ஏற்றிவிட்டுக் கை வீசி நடப்பதை நான் மிகப் பெரிய அநியாயமாகக் கருதுவது இதனால்தான். அவருக்கு மிச்சமாவது இருபது தப்படி தூரம் பெட்டியை உருட்டும் சிரமம். முதல் வரிசையில் இருப்பவருக்கோ தன் பை பத்து வரிசை பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. தரையிறங்கியதும் எதிரே வரும் கூட்டத்தை நீந்தி அவரால் பின்னே போக முடியாது, எல்லோரும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். கைக்குழந்தையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அந்தக் காத்திருப்பு என்னவென்று நினைத்துப் பார்த்தால் அந்த இருபது தப்படி பெரிதாகத் தோன்றாது.

நெருக்கடியே விமான நிறுவனங்கள் உண்டாக்கியது, அதற்குப் பயணி ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நெருக்கடி எங்கிருந்து வந்தது என்பதில் அவர்கள் சொல்வது உண்மைதான். ஆரம்பகால விமானங்களில் தலைக்கு மேல் இருந்தது தொப்பியும் கோட்டும் வைக்கும் திறந்த பலகை. 1970-ல் பறக்கத் தொடங்கிய போயிங் 747 போன்ற அகன்ற விமானங்களோடுதான் மூடி போட்ட பெட்டகங்கள் வழக்கத்துக்கு வந்தன. பெட்டிகள் பெரும்பாலும் விமானத்தின் வயிற்றுக்குள் இலவசமாகப் போய்க்கொண்டிருந்தவரை மேலே தட்டுப்பாடு பெரிதாகத் தெரியவில்லை. 2008-ல் எரிபொருள் விலை ஏறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் வசூலிக்கத் தொடங்கியது. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பணம் கொடுக்க விரும்பாதவர்களின் துணிமணி எல்லாம் கைப்பைக்குள் இடம் மாறியது. இந்தியாவிலும் 2021 பிப்ரவரியில், பெட்டி போடாத பயணிக்குக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் விற்கலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அனுமதித்தது. கீழே போக வேண்டிய சுமையை மேலே ஏற்றத் தூண்டியது கட்டணமே. இதை ஒப்புக்கொண்ட பிறகும் எதிர்வாதம் நிற்கவில்லை என்றே நினைக்கிறேன். என்னுடைய இரண்டாவது பையால் விமான நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. இடம் இழப்பவர், என்னைப் போலவே பணம் கொடுத்து எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இன்னொருவர். நிறுவனத்தின் மேலுள்ள கோபத்தை அவர் தலையில் இறக்குவது நீதியாகாது.

முன்னதாக ஏறுவதற்கென்றே கூடுதல் பணம் கட்டியவரின் வாதம் இதைவிட வலுவானது. அவர் வாங்கியது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் ரயன்ஏர் 2018 நவம்பர் முதல் முன்னுரிமைக்குப் பணம் கட்டாதவர்கள் இருக்கைக்கு அடியில் அடங்கும் சிறு பையை மட்டுமே இலவசமாக உள்ளே கொண்டுவரலாம் என்று வைத்தது. பணம் கட்டியவருக்கு இரண்டு பைகள். அங்கே மேலிடம் வெளிப்படையாகவே விலைக்குப் போயிருக்கிறது, வாங்கியவர் வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் பெரும்பாலும் விற்கப்படுவது முதலில் உள்ளே நுழையும் வசதி மட்டும். ஒரு பை என்ற வரம்பு அவருக்கும் அப்படியே இருக்கிறது. பணம் கட்டாமலே முதலில் ஏறிவிடுகிறவர்களுக்கோ அந்த வாதமும் இல்லை. விமானம் தொலைவில் நின்று பேருந்தில் போகும்போது, பேருந்தில் கடைசியாக ஏறிக் கதவருகே நின்றவர்தான் முதலில் இறங்கிப் படியேறுகிறார். இப்படித் தற்செயலாக அமையும் வரிசையைத் தகுதி என்று கொள்வதற்கில்லை.

நான் மிகவும் மதிக்கும் எதிர்வாதம் கால் பற்றியது. உயரமானவர், முழங்கால் வலிக்காரர், காலில் நீர் கோக்கும் வயதானவர் ஆகியோருக்கு முன் இருக்கையடியில் பை இருந்தால் கால் நீட்ட வழியில்லை. பத்து மணி நேரப் பயணத்தில் அது சொகுசு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, உடல்நலமும் அதில் இருக்கிறது. இதற்கு விடை, எல்லோரும் ஏறி முடியும்வரை பொறுப்பது. கதவு சாத்துவதற்கு முன் மேலே பார்த்தால் இரண்டு பைகளுக்கு நடுவே ஒரு சந்து இருக்கும். அப்போது சிறிய பையை அங்கே வைத்துக்கொண்டால் யாருக்கும் இழப்பில்லை. இல்லாவிட்டால், “தம்பி, எனக்கு முட்டி மடக்க முடியாது, இந்தப் பை உங்க காலடியில் கொஞ்சம் இருக்கட்டுமா?” என்று பக்கத்து இளைஞரிடம் கேட்கலாம். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கேட்டு வாங்கும் இடத்துக்கும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கும் அளவு ஒன்றாக இருக்கலாம். ஆனால் அடுத்த சில மணி நேரத்தைத் தோளோடு தோள் உரசிக் கழிக்கப் போகிற இருவருக்கு அந்த வேறுபாடு பெரிது.

கேட்டுச் செய்யும் அதே கவனம் மற்றவர் பையைத் தொடுவதிலும் வேண்டும். உள்ளே கண்ணாடிப் புட்டியில் ஊறுகாய் இருக்கலாம், இன்சுலின் இருக்கலாம், கேமரா லென்ஸ் இருக்கலாம். “சார், இது உங்க பையா? கொஞ்சம் நிமிர்த்தி வைக்கட்டுமா?” என்று கேட்க இரண்டு நொடி ஆகும். உரிமையாளர் தெரியவில்லை என்றால் விமானப் பணியாளரைக் கூப்பிடுவதே நல்லது. ஏழு கிலோவைத் தலைக்கு மேல் தூக்குவது எல்லோராலும் ஆகிற காரியம் அல்ல. பணியாளர்களும் நாள் முழுக்க மற்றவர் பைகளைத் தூக்கினால் அவர்கள் தோள் என்னாகும்? “நான் தூக்கி வைக்கட்டுமாம்மா?” என்று நடைபாதை ஓரம் இருப்பவர் கேட்பது அந்த இருக்கைக்கே உரிய கடமை என்பேன். அவர்தான் எழுந்து நிற்க முடிந்தவர்.

யாருமே கடைப்பிடிக்காதபோது நான் மட்டும் ஏன் என்று சலித்துக்கொள்வோர் எலினார் ஆஸ்ட்ரமின் ஆய்வைக் கவனிக்க வேண்டும். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அவர், பாசன நீர், மீன்வளம், மேய்ச்சல் நிலம் போன்ற பொதுவளங்களை அரசு கையில் எடுக்காமலும் தனியாருக்கு விற்காமலும் பயன்படுத்துவோரே விதி வகுத்து நெடுங்காலம் காத்துவந்த இடங்களை ஆராய்ந்தார். அவர் கண்ட பொதுக் கூறுகளில் முதன்மையானது, எது பொது, யாருக்கு அதில் பங்கு என்ற எல்லை தெளிவாக இருப்பது. விமானத்தில் நூற்றெண்பது பேரும் ஒருமித்து வர வேண்டியதில்லை. நம் வரிசைக்கு நேர் மேலே உள்ளது நம் மூவருடையது என்று மூன்று பேர் ஏற்றுக்கொண்டால் அந்த 75 சென்டிமீட்டரில் ஒழுங்கு வந்துவிடும்.

சிறியது கீழே, பெரியது மேலே என்ற முறைக்குப் பாதுகாப்பும் துணை நிற்கிறது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தின் மேல் பெட்டகத்தில் தீப்பிடித்தது. 176 பேரும் தப்பினார்கள். பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம் பின்னர் தெரிவித்தது. மூடிய பெட்டகத்துக்குள் புகை கிளம்பினால் தெரியவே நேரமாகும். அதனால் பவர் பேங்க்கை மேலே வைக்காமல் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுமாறு பல நிறுவனங்கள் இப்போது கேட்கின்றன. மருந்து, பாஸ்போர்ட், பவர் பேங்க் மூன்றும் காலடிப் பைக்குள் இருந்தால் இன்னொரு நன்மை உண்டு. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்கும் ஏடிஆர் 72 போன்ற சிறு விமானத்தில் மேலே இடமில்லை என்று சக்கரப் பெட்டியைப் பணியாளர்கள் படியருகிலேயே வாங்கிக்கொண்டால், பதறாமல் கொடுத்துவிட்டு ஏறலாம்.

மேலே வைப்பது விட்டுவிட்டுப் போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்கு 2016 ஆகஸ்ட் 3 சாட்சி. திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் ஓடுதளத்தில் மோதித் தீப்பிடித்தபோது, புகைக்கு நடுவே பயணிகள் பெட்டகத்தைத் திறந்து பைகளை எடுப்பது கைபேசிக் காணொளியில் பதிவானது. உள்ளே இருந்த 300 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். தீயணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்தார். அந்தப் பைகளில் இருந்தது ஆண்டுக்கணக்கான உழைப்பின் சேமிப்பாகவோ வேலை அனுமதிக் காகிதமாகவோ இருக்கலாம். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. காகிதம் உடம்போடு இருந்திருந்தால் பெட்டகத்தைத் திறக்கும் எண்ணமே பலருக்கு வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் வெளியேறியதற்குப் பெரும்பாலானோர் பைகளை விட்டுவிட்டு வந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

சாதாரண நாளில் இறங்கும்போது இவ்வளவு அவசரம் இல்லை. சக்கரம் தரை தொட்டதும் எழுந்து பெட்டகத்தைத் திறந்தால், நகர்ந்து கிடக்கும் பை கீழே இருப்பவர் தலையில் விழும். கதவு திறந்த பிறகு, நடைபாதை ஓரம் இருப்பவர் தன்னுடையதை எடுக்கும்போதே சன்னலோரத்தவரிடம் “உங்களுது எது, நீலமா?” என்று கேட்டு அதையும் இறக்கிக் கொடுத்துவிட்டால், மூவரும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிடலாம், பின்வரிசையும் நகரும்.