ராணியின் வால்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையில் கல்பட்டறைகளைக் கடக்கையில் காது அடைத்துக்கொள்ளும். உளிச்சத்தத்தைக் கட்டிங் மெஷினின் அலறல் விழுங்கிவிட்டது. விநாயகர், புத்தர், நந்தி என்று வரிசையாக நிற்கும் இடத்தில் நான் பார்க்கப் போனது ஒரு வேட்டைநாயை. கோவில்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் தன் கன்னி இன நாய் ராணிக்குக் கல் வைக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ராணியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பருத்திக்காட்டு வேம்படியில் புதைத்திருக்கிறார். செல்போனில் இருந்த படங்களில் எல்லாம் ஓட்டம்தான். கருப்பாக ஒரு கோடு. ஆசாரி அதைப் பார்த்துவிட்டு முதலில் வரைந்து கொடுத்தது பைரவரின் வாகனம்: தடித்த கழுத்து, சுருண்ட வால். கோயில் வேலையில் அவர் கை பழகிய நாய் அது ஒன்றுதான். கடவுளர் சிலைக்கு அளவு சொல்லத் தாளக்கணக்கு உண்டு. கன்னிக்கு எங்கே போவது?

"இது நாய், ஆசாரி. எங்க ராணி இல்ல" என்றார் சம்சாரி.

"அப்போ அளவு சொல்லுங்கய்யா. நெஞ்சு எவ்வளவு இறக்கம்?"

அவருக்கு அங்குலம் தெரியவில்லை. இரண்டு கைகளையும் மேலும் கீழுமாக நீட்டி, நடுவில் ராணி நிற்பதுபோல வைத்துக் காட்டினார். ஆசாரி டேப்பை அந்த இடைவெளியில் பிடித்தார். பிறகு இடுப்பு. கைகள் சட்டென்று நெருங்கின. அதுவரை கணக்குப் பேசிக்கொண்டிருந்தவர், காலி இடத்தைப் பிடித்தபடியே அழுதுவிட்டார். ஆசாரி எண்ணைக் காவிக்கல்லால் தரையில் எழுதிக்கொண்டு, "கழுத்து?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு முதலில் இரக்கமில்லாததாகப் பட்டது. ஆனால் சம்சாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுத்தின் நீளத்தைக் காட்டத் தொடங்கினார். ஆறுதல் வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

முழுச்சிலை சரிப்படாது என்பது ஆசாரியின் கட்சி. அவ்வளவு மெல்லிய காலைக் கருங்கல்லில் தனியாக நிறுத்தினால் ஏற்றி இறக்கும்போதே முறியும். காலுக்கு நடுவே கல்லை விட்டால் நாய் கனத்துப்போகும். பலகைக்கல்லில் புடைப்பாக எடுப்பதுதான் வழி. பழைய நடுகற்களும் அப்படித்தான். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து வீரனின் பின்னால் அவன் நாய் கோவிவனும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்ததாகக் கல் சொல்கிறது. வேட்டைநாய்க்கென்றே நட்ட கல் கர்நாடகத்து ஆதகூரில் கிடைத்தது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்தபின், கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனுக்கு என்ன வேண்டுமென்று கேட்க, அவன் காளி என்ற நாயைக் கேட்டு வாங்கினான். காட்டுப்பன்றியோடு மோதிப் பன்றியும் காளியும் செத்தன. மணலேரன் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டான். பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல்லில் சண்டையே செதுக்கப்பட்டிருக்கிறது.

"ராணி பன்னி பிடிச்சதில்ல" என்றார் சம்சாரி அவசரமாக. வனவிலங்குச் சட்டம் வந்தது 1972இல். இன்று முயலைத் தொட்டாலும் வழக்கு. ராணி ஓடியதெல்லாம் காற்றோடுதான் என்றார். நான் மேலே கேட்கவில்லை.

பின்கட்டில் உலை எரிந்தது. மழுங்கிய உளிகளைக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார் ஒருவர். பாலிஷ் போடும் பையன் மூக்கில் கட்டியிருந்தது கைக்குட்டை மட்டும். கல்தூசி நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. அந்தத் துணி அதைத் தடுக்காது. சிலையைப் புகழ்பவர்கள் இந்தப் பையனையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

வாலில்தான் தகராறு. ஆசாரி அழகுக்காக மேலே வளைத்திருந்தார். "திரும்பையில வால் தாழ்ந்து நீளும், ஆசாரி. அத வச்சுத்தான் அவ வேகத்துல ஒடிச்சுத் திரும்புவா." ஆசாரி கோட்டை அழித்துத் தாழ்வாக நீட்டினார். பலகையின் அகலம் போதவில்லை. வேறு கல் பார்க்க வேண்டும், கூலியும் கூடும். சம்சாரி சரி என்றார்.

அடியில் மண்ணுக்குள் போகும் பாகத்தை விட்டு, மேலே பெயர் வெட்ட இடம் ஒதுக்கினார்கள். ராணி என்று மட்டும் போதாதாம். கன்னியைக் காசுக்கு விற்காமல் கொடுப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். குட்டியாகத் தந்த சம்பந்தி வீட்டுப் பெயரும் கல்லில் வர வேண்டும்.

"எழுத்துக்குத் தனிக் கூலிங்கய்யா."

"சம்பந்தி பேரு நீளம்" என்று சொல்லிவிட்டு, விரல்விட்டு எண்ணத் தொடங்கினார் சம்சாரி.