புரட்டும் கைகள் யாருடையவை?

புனித பவுலடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமடலின் 9ஆம் அதிகாரத்தில் ஓட்டப்பந்தய வீரரை நம் கண்முன் நிறுத்துகிறார். உடலின் உழைப்பையும் தன்னடக்கத்தையும் அவர் மதித்தார். விளையாட்டு இதழ்கள் பெண்ணின் உழைப்பை அவ்வாறு மதித்தனவா?

அமெரிக்காவில் 1954இல் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழையே எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் போட்டிச் செய்திகள் குறைந்தமையால், பக்கங்களை நிரப்ப 1964இல் நீச்சலுடை அழகியரின் படங்களை அது வெளியிட்டது. நாளடைவில் அதுவே பெரும் வருவாய் ஈட்டும் ஆண்டுச் சிறப்பிதழாயிற்று. தந்தை வாங்கிவரும் அவ்விதழைப் புரட்டும் மகள் எதைத் தேடுவாள்? தன்னைப் போன்றவள் எங்ஙனம் பயின்றாள், தோற்றபின் எங்ஙனம் மீண்டும் களமிறங்கினாள் என்பதையன்றோ! அவள் கண்டதோ பார்வைக்கு வைக்கப்பட்ட உடலை. இறைச்சாயலைப் பற்றிப் பேசும் நமக்கு இது சிறு செய்தியன்று.

டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கை 1972இல் அவ்விதழ் சிறப்பித்தது. ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர் என்னும் அப்பெருமையைப் பெற்ற முதல் பெண் அவர். அதுவும், கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவருடன் பகிர்ந்தே! அவரோ 1974இல் 'விமன்ஸ்போர்ட்ஸ்' என்று பெண்களுக்கெனத் தனி இதழே தொடங்கினார். பிற்காலத்தில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' நிறுவனமும் பெண்களுக்கெனத் தனிப் பதிப்பொன்றைக் கொணர்ந்து, 2002இல் நிறுத்திவிட்டது. நீச்சலுடைச் சிறப்பிதழ் அதன் பின்னரும் வெளிவந்துகொண்டிருந்தது.