தம்புள்ளைச் சந்தையில் ஓர் அதிகாலை

தம்புள்ளைக்குப் பகலில் போகிறவர்கள் குகைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அங்குள்ள பொருளாதார மத்திய நிலையத்தைப் பார்ப்பதென்றால் விடியற்காலையில் போக வேண்டும். கண்டி-யாழ்ப்பாணப் பாதையும் திருகோணமலைப் பாதையும் சந்திக்கும் இடமல்லவா? 1999இல் திறக்கப்பட்ட இந்த மொத்தச் சந்தைக்கு நாலா பக்கத்திலிருந்தும் லொறிகள் வருகின்றன. நுவரெலியாவில் பிடுங்கிய கரட் இங்கு வந்து கைமாறி, மறுபடி கொழும்புக்குப் போவதும் உண்டு!

சுபஹுத் தொழுகை முடிந்து நான் போனபோது நாட்டாமைகள் மூடை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாய்வரை திணித்துத் தைத்த மூடைகள். அவற்றின் மேலேயே ஏறி நின்று அடுத்ததை இழுக்கிறார்கள். அடியில் கிடக்கும் தக்காளியின் கதியைச் சொல்லவா வேண்டும்? நசுங்கிய காயிலிருந்து வெளியாகும் எதிலீன் வாயு பக்கத்துக் காயையும் கெடுத்துவிடும். இலங்கையில் விளையும் மரக்கறி, பழங்களில் நூற்றுக்கு 30 முதல் 40 வீதம் அறுவடைக்குப் பின் வீணாவதாக மதிப்பிடுகிறார்கள். இறைத்த தண்ணீரும் இட்ட உரமும் அதோடு சேர்ந்தே வீண். சகோதரிகளே, அந்த நட்டமும் நாம் கொடுக்கும் விலைக்குள்தான் இருக்கிறது.

இதற்குப் பரிகாரமாகச் சொல்லப்படுவது காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடை. அளவோடு நிரப்பி அடுக்கினால், மேற்கூடையின் பாரம் கீழ்க்கூடையின் விளிம்பில் இறங்கும், காய் தப்பும். 2011 இறுதியில் அரசு இதைக் கட்டாயமாக்கியபோது தம்புள்ளையில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. அரசு இறங்கிவர நேர்ந்தது. வியாபாரிகளைப் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிட முடியாது. கூடையில் ஏற்றினால் லொறி கொள்ளும் அளவு குறைகிறது. வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுபோகவும் கூலி வேண்டும்.

"ஹஸ்ரத், கூடைக்கு நான் காசு போட, மிச்சப்படும் காய்க்கு வேறொருவர் காசு எடுப்பதா?" என்று கேட்டார் ஒரு கடைக்கார நானா. நியாயமான கேள்வி. செலவு யார் தலையில் என்று தீர்க்காமல் சட்டம் போட்டதே பிசகு என்பது என் எண்ணம்.

இந்திய உதவியுடன் 5,000 தொன் கொள்ளளவில் கட்டப்பட்ட குளிர்களஞ்சியம் ஒன்றும் 2025 ஏப்ரலில் இங்கு திறக்கப்பட்டது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்தும் வசதி அதில் உண்டு. நல்ல காரியம். ஆனால் மூடையில் நசுங்கிய காயைக் குளிர் குணமாக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே குளிர் ஒத்துவராது என்பதையும் கவனிக்க வேண்டும். கரட்டுக்குப் பூச்சியப் பாகையை ஒட்டிய குளிர் நல்லது. பச்சைத் தக்காளியை 10 பாகைக்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் பிறகு சரியாகப் பழுக்காது. நம் குசினியிலும் இதே கணக்குத்தான். பழுத்த வாழைப்பழத்தின் பக்கத்தில் கீரையை வைத்தால் அது சீக்கிரம் மஞ்சளித்துப்போவதும் அந்த எதிலீனால்தான்.